கரைக்கு ஒரு பூஜ்யம், கடலுக்கு ஒரு பூஜ்யம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போதெல்லாம் அடையாறு, கூவம் முகத்துவாரங்களில் பொக்லைன் நின்று மணல் அள்ளும் படங்கள் நாளிதழ்களில் வருகின்றன. நகரத்தை டிரோனிலிருந்து லேசரால் அளந்து வெள்ள வரைபடம் தயாரிப்பது பற்றியும் அடிக்கடி படிக்கிறோம். செய்யவேண்டிய வேலைதான். ஆனால் நில அளவையிலும் நீரடி அளவையிலும் இருக்கிற எங்களுக்கு அந்தச் செய்திகளைப் படித்ததும் எழும் கேள்வி ஒன்றே: உயரத்தை எதிலிருந்து அளந்தார்கள்? ஊரின் மேடு பள்ளத்தை ஒரு குழு அளக்கிறது, ஆற்று வாயின் ஆழத்தை வேறொரு குழு அளக்கிறது. இரண்டு அளவையும் சேரும் இடத்தின் வழியாகத்தான் வெள்ளம் கடலுக்குப் போகவேண்டும். அந்தச் சேர்ப்பு தவறினால், மற்ற இடங்களில் சென்டிமீட்டர் துல்லியம் இருந்தும் பயனில்லை. இதைச் சற்று விரிவாகச் சொல்ல இடம் தர வேண்டுகிறோம்.

நிலத்தில் உயரம் என்பது சராசரி கடல் மட்டத்திலிருந்து எண்ணப்படுவது. இந்திய நில அளவைத் துறை ஒன்பது துறைமுகங்களில் ஓதத்தை, அதாவது கடல் நீரின் அன்றாட ஏற்ற இறக்கத்தை, ஆண்டுக்கணக்கில் பதிவுசெய்து, 1909-ல் அந்த மட்டத்தை நாட்டுக்கே அடிப்படையாக வைத்தது. அந்த ஒன்பதில் சென்னையும் நாகப்பட்டினமும் உண்டு. ரயில் நிலையப் பலகையின் ஓரத்தில் எழுதியிருக்கும் உயரமும், பழைய அரசுக் கட்டடங்களின் அடிப்படியில் செதுக்கிய பெஞ்ச் மார்க் என்ற உயரக் குறியும் இந்தக் கணக்கில் வந்தவை.

கடல் வரைபடம் வேறு கணக்கு. தண்ணீர் நன்றாக வற்றிக் கிடக்கும் வேளையிலும் கப்பலின் அடிக்குக் கீழே எவ்வளவு ஆழம் மிஞ்சும் என்பது மாலுமிக்குத் தெரியவேண்டும். அதனால் துறைமுக வரைபடங்களில் ஆழத்தை மிகத் தாழ்ந்த வற்று மட்டத்தை ஒட்டிய ஒரு மட்டத்திலிருந்து எழுதுவார்கள். அதற்குச் சார்ட் டேட்டம் என்று பெயர். சென்னையில் சராசரி கடல் மட்டம் இந்தச் சார்ட் டேட்டத்துக்கு 0.65 மீட்டர் மேலே நிற்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய ஏற்றம் அதே டேட்டத்திலிருந்து சராசரியாக 1.15 மீட்டர், வற்றம் 0.14 மீட்டர்.

மூன்றாவதாக ஒரு பூஜ்யமும் இருக்கிறது. டிரோனிலும் படகிலும் பொருத்திய ஜிபிஎஸ் கருவி, பூமியை வழவழப்பான ஒரு கணித நீள்கோளமாக வைத்துக்கொண்டு அதன் பரப்பிலிருந்து உயரம் சொல்லும். கடல் மட்டம் அந்தப் பரப்போடு ஒட்டி ஓடுவதில்லை. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் அது சுமார் 106 மீட்டர் தாழ்ந்து கிடக்கிறது. கடல் மட்டத்தில் உலகிலேயே பெரிய தாழ்வு அதுதான். அதன் சரிவிலேயே நம் கடற்கரையும் வருவதால், மெரினாவில் நின்று கருவியைத் திறந்தால் எதிர்மறையில் 80 மீட்டருக்கும் அதிகமான எண் வரும். இவ்வளவு பெரிய வித்தியாசம் யார் கண்ணிலும் பட்டுவிடும், அதனால் அதில் ஆபத்து குறைவு. உலகப் பொது மாதிரியை வைத்து அதைக் கடல் மட்டத்துக்கு மாற்றும்போது மிஞ்சும் சில பத்து சென்டிமீட்டர் பிழை கண்ணில் படாது. சார்ட் டேட்டத்தின் 65 சென்டிமீட்டரும் அப்படியே. கெடுதல் இந்தச் சின்ன எண்களில்தான் இருக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். முகத்துவார மணல் திட்டின் மேல் ஆழம் 0.80 மீட்டர் என்று நீரடி அளவைத் தாளில் இருக்கிறது, அது சார்ட் டேட்டத்தில். சராசரி கடல் மட்டக் கணக்கில் அந்தத் திட்டின் முகடு -1.45 மீட்டர். கணினியில் வெள்ள மாதிரி போடுபவர் தாளில் இருந்ததை அப்படியே -0.80 என்று ஏற்றினால் திட்டு 65 சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். கூட்டல், கழித்தல் குறி மாறி -0.15 என்று ஏற்றினால் பிழை 1.30 மீட்டர். நீரோட்டம் 100 மீட்டர் அகலம் என்று வைத்தால், 65 சென்டிமீட்டர் பிழைக்கே 65 சதுர மீட்டர் வழி கணக்கிலிருந்து காணாமல் போகிறது. வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் அது 130 கன மீட்டர், நம் வழக்கத்தில் ஏறக்குறைய 4,600 கனஅடி. 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியில் திறந்துவிட்டதாகப் பதிவான 29,000 கனஅடியில் இது ஆறில் ஒரு பங்கு.

மணல் அள்ளும் கணக்கிலும் இந்தப் பிழை பணமாகிறது. 100 மீட்டர் அகலம், 200 மீட்டர் நீளத்துக்கு 65 சென்டிமீட்டர் என்றால் 13,000 கன மீட்டர். அங்கே இல்லாத மணலுக்கு மதிப்பீடு தயாராகிவிடும். இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கும், அது இன்னும் மோசம். ஏற்கெனவே கடல் மட்டத்துக்கு மாற்றிய -0.80 என்ற எண்ணை, மாற்றாதது என்று நினைத்து அடுத்த மேசையில் இருப்பவர் மறுபடி 0.65 கழித்தால் திட்டு -1.45க்கு இறங்கிவிடும். கணினியில் தண்ணீர் தடையில்லாமல் கடலுக்குப் போகும், சைதாப்பேட்டையில் வீட்டுக்குள் வரும். இதைத் தடுக்கப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் தலைப்பிலும் எந்த டேட்டம், யார் மாற்றினார், எந்த எண்ணைக் கூட்டினார் அல்லது கழித்தார் என்ற ஒரு வரி இருந்தால் போதும். அந்த வரி இல்லாத கோப்புகள்தான் எங்கள் கைக்கு அதிகம் வருகின்றன.

இனி லேசர் அளவை. லைடார் கருவி ஒளித் துடிப்பை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை எண்ணுகிறது. ஒரு நேனோ வினாடி பிசகினால் தூரம் 15 சென்டிமீட்டர் பிசகும். 80, 100 மீட்டர் உயரத்தில் பறக்கும் டிரோன் ஒரு சதுர மீட்டருக்குப் பல பத்து புள்ளிகளைக் கொடுக்கும். படம் பார்க்க அழகாக இருக்கும். அந்த அழகில் மறந்துபோவது, நகர அளவையில் வழக்கமாகப் பயன்படும் அகச்சிவப்பு லேசரைத் தண்ணீர் விழுங்கிவிடும் என்பது. ஆற்றின் மேல் பறக்கும்போது புள்ளியே வராது, அல்லது நீர்ப்பரப்பின் மேல் அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும். மென்பொருள் அந்த வெற்றிடத்தை இரு கரைகளுக்கும் இடையே தட்டையாக நிரப்பிவிடும். மூன்று மீட்டர் ஆழமுள்ள ஆறு, தண்ணீரின் மேல்மட்டத்தில் போட்ட சாலை மாதிரி வரைபடத்தில் நிற்கும். அந்த வரைபடத்தை வைத்து ஆற்றின் கொள்ளளவைக் கணக்கிட்டால் வருவது ஆற்றின் கொள்ளளவு ஆகாது.

பச்சை லேசர் தண்ணீருக்குள் போகும். 532 நேனோமீட்டர் அலைநீளம், தெளிந்த கடலில் 40 மீட்டர் வரைகூட அடியைத் தொடும். ஆனால் வெள்ளைத் தட்டை இறக்கி அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைப் போல இரண்டு மடங்கு, நல்ல கருவியானால் மூன்று மடங்கு வரைதான் அதன் வீச்சு. கூவத்தில் தட்டை ஒரு முழம் இறக்கினாலே தெரியாது. அங்கே பச்சை லேசருக்குப் பணம் கொடுப்பது வீண். ஒரு தட்டும் அளவு குறித்த கயிறும் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு டெண்டர் எழுதலாம்.

செயற்கைக்கோளும் இதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான். 2024-ல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தேசியத் தொலையுணர்வு மைய ஆய்வாளர்கள், அமெரிக்காவின் ஐஸ்சாட்-2 செயற்கைக்கோளின் பச்சை லேசர் பதிவுகளைக் கொண்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 29 கிலோமீட்டர் நீளமுள்ள ஆதம் பாலத்தின் நீரடி வடிவத்தை 10 மீட்டர் நுணுக்கத்தில் வெளியிட்டார்கள். அருமையான பணி. அங்கே கடல் ஆழம் குறைவு, தண்ணீரும் லேசருக்கு இடம் கொடுத்தது. அதைக் காட்டி எண்ணூரையும் அடையாறையும் விண்ணிலிருந்தே அளந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

லைடார் தரையில் செய்யும் தவறுகளில் நம் ஊருக்கே உரியவை சில உண்டு. ஆகாயத்தாமரை மூடிய கால்வாயில் இலைப்பரப்பே தரையாகப் பதிவாகும். சீமைக் கருவேலங் காட்டில் இலை இடுக்கு வழியாகக் கொஞ்சம் துடிப்பு கீழே போய்த் திரும்பும், பரவாயில்லை. பள்ளிக்கரணையின் சம்புப் புதரில் அதுவும் நடக்காது. தரை என்று வருவது உண்மையான தரைக்கு அரை மீட்டருக்கும் மேலே இருக்கலாம். சதுப்புநிலம் எவ்வளவு தண்ணீரைத் தாங்கும் என்ற கணக்கே அந்த அரை மீட்டரில் அடங்கியிருக்கிறது. இதற்கு வழி, புதருக்குள் ஜிபிஎஸ் கோலோடு இறங்கி இருபது முப்பது இடங்களில் தரையைத் தொட்டு அளப்பது. கோலின் கூர்முனை சேற்றில் இறங்கிவிடும், அதனால் அடியில் 10 முதல் 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத் தட்டு மாட்டவேண்டும். கிடைக்கும் வித்தியாசம் ஓரளவு சீராக இருந்தால் அந்தப் பகுதி முழுவதையும் அவ்வளவு இறக்கலாம். சீராக இல்லையென்றால் வரைபடத்தில் அந்த இடத்தைத் தனிக் கோடு போட்டு, நம்பத்தகாதது என்று குறித்துவிடவேண்டும்.

பாலங்களையும் கவனிக்கவேண்டும். மேலிருந்து பார்க்கும் லேசருக்குப் பாலத்தின் தளம் தரையாகத் தெரிகிறது. அதை நீக்காமல் மாதிரியில் ஏற்றினால் ஒவ்வொரு பாலமும் ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய அணை. லைடார் கோப்புகளில் பாலத் தளத்துக்கென்றே 17 என்ற வகை எண் இருக்கிறது; தரைக்கு 2, கட்டடத்துக்கு 6, தண்ணீருக்கு 9. வேலையை ஒப்புக்கொள்ளுமுன் நேப்பியர் பாலத்தையோ திரு.வி.க. பாலத்தையோ திறந்து, வகை எண் 17 இருக்கிறதா என்று பார்த்தால் ஒப்பந்ததாரரின் கவனம் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். சாலைக்கு அடியில் போகும் சிறு மதகுகளுக்கு இது போதாது. அவற்றை ஆள் போய்ப் பார்த்து, அகலம், உயரம், அடிமட்டம் மூன்றையும் எழுதியாகவேண்டும்.

மழைநீர் வடிகாலுக்கும் அப்படித்தான். லேசருக்கு மூடி தெரியும், உள்ளே தெரியாது. மூடியின் மட்டத்தை லைடாரிலிருந்து எடுத்துக்கொண்டு, உள்ளே ஸ்டாஃப் என்ற அளவுகோலை இறக்கி ஆழத்தைக் கழித்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆயிரத்துக்கு ஒன்று சரிவில் போகும் வடிகாலில் 30 மீட்டர் இடைவெளியுள்ள இரண்டு மூடிகளுக்கு இடையே இறக்கம் 3 சென்டிமீட்டர்தான். லைடாரின் பிழை 5 சென்டிமீட்டர் என்றாலே தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லமுடியாது. இந்த வேலைக்கு இன்றைக்கும் முக்காலியில் நிறுத்தி மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவல்தான் வேண்டும். காரில் கருவியைப் பொருத்தித் தெருத்தெருவாக ஓட்டி எடுக்கும் லேசர் அளவை விரைவானது. மேம்பாலத்துக்கும் மெட்ரோ தடத்துக்கும் கீழே ஜிபிஎஸ் விட்டுப்போகும்போது அதுவும் மெல்ல நகர்ந்துவிடும், அங்கே சில நூறு மீட்டருக்கு, முன்பே துல்லியமாக அளந்துவைத்த ஒரு கட்டுப்பாட்டுப் புள்ளி வேண்டும்.

டிரோனின் கருவி பொருத்திய கோணத்தில் 0.1 டிகிரி பிசகு இருந்தால் 100 மீட்டர் உயரத்தில் புள்ளி 17 சென்டிமீட்டர் தள்ளி விழும். ஒரே கூரையை எதிரெதிர் திசையில் பறந்து எடுத்த இரண்டு பட்டைகளைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தால் கூரை இரண்டாகத் தெரியும். இந்த வெட்டுப் படத்தைக் கேட்டு வாங்கவேண்டும். லைடார் உயரம் சரியா என்று பார்க்கத் தரையில் தனியாக அளக்கும் சோதனைப் புள்ளிகள் தனி விஷயம். அமெரிக்க ஒளிப்பட அளவைச் சங்கத்தின் 2023-ம் ஆண்டு விதிப்படி குறைந்தது 30 வேண்டும். அவற்றை அளக்கும் ஆளும் பறக்கும் ஆளும் ஒருவராக இருக்கக்கூடாது, புள்ளிகளின் மதிப்பை முன்கூட்டியே ஒப்பந்ததாரருக்குக் கொடுக்கவும் கூடாது. எல்லாவற்றையும் தார்ச்சாலையில் வைத்துவிட்டு 4 சென்டிமீட்டர் துல்லியம் என்று அறிக்கை எழுதுவதும் ஏற்கத்தக்கதல்ல. பாதியாவது புல், புதர், ஆற்றங்கரைச் சரிவில் இருக்கட்டும்.

அடையாறு விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுதளத்துக்குக் கீழேயே ஓடுகிறது. 2021 டிரோன் விதிகளின்படி விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் பறக்க முன் அனுமதி தேவை. 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிக்கு மேல் போக அனுமதி தேவை. மணப்பாக்கம், நந்தம்பாக்கம் பகுதிகள் இந்த வட்டத்துக்குள் வருகின்றன. அனுமதிக்குக் காத்திருந்து வேலை மழைக்காலத்துக்குள் தள்ளிப்போனால் ஆற்றில் நீர்மட்டம் ஏறிவிடும், லேசருக்குத் தெரியவேண்டிய படுகையின் ஓரங்களும் மூழ்கிவிடும். அட்டவணை போடும்போதே இதற்கான வாரங்களைச் சேர்த்துவிடவேண்டும்.

இப்போது தண்ணீருக்குள் வருவோம். இங்கே ஒளிக்குப் பதில் ஒலி. நம் மீனவர்கள் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கிப் பாகக் கணக்கில் ஆழம் சொல்வார்கள். எக்கோ சவுண்டர் ஒலி போய்த் திரும்பும் நேரத்தை வைத்துச் சொல்கிறது. ஒற்றைக் கற்றை படகுக்கு நேர் கீழே ஒரு கோட்டில் அளக்கும். மல்டிபீம் விசிறி மாதிரி விரிந்து, 120 டிகிரி விரிவில் ஆழத்தைப் போல மூன்றரை மடங்கு அகலத்தை ஒரே ஓட்டத்தில் அளக்கும். 20 மீட்டர் ஆழத்தில் இது 70 மீட்டர் பட்டை, மிக நல்லது. 2 மீட்டர் ஆழத்தில் 7 மீட்டர்கூட வராது. ஆழம் குறைந்த முகத்துவாரத்தில் மல்டிபீம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதைவிட, நல்ல ஒற்றைக் கற்றைக் கருவியைச் சின்னப் படகில் வைத்து 10 மீட்டருக்கு ஒரு குறுக்குக்கோடு ஓடுவது மேல் என்பது எங்கள் கருத்து.

ஒலியின் வேகம் மாறக்கூடியது. நம் கரையோரக் கடல் நீரில் வினாடிக்கு 1,540 மீட்டரை ஒட்டி இருக்கும், அதே சூட்டில் நன்னீரில் 1,505 அளவுக்கு இறங்கும். கருவியில் பலர் மாற்றாமல் விட்டுவிடும் எண் 1,500. எட்டு மீட்டர் ஆழமுள்ள கடலை அந்த எண்ணோடு அளந்தால் 7.79 என்று வரும், 21 சென்டிமீட்டர் குறைவு. முகத்துவாரத்தில் மேலே ஆற்றுத் தண்ணீரும் கீழே உப்புத் தண்ணீருமாக அடுக்கி நிற்பதால் இது இன்னும் சிக்கல். மல்டிபீமின் ஓரக் கற்றைகள் அந்த எல்லையில் வளைந்துவிடும், தட்டையான தரை இரு ஓரமும் மேலே சுருண்டோ கீழே தொங்கியோ வரைபடத்தில் வரும். பட்டைக்குப் பட்டை அலை அலையாக வரி தெரிந்தால் அது கடலடி மணல் அலையாக இருக்காது, ஒலி வேகத்தை அளக்காமல் விட்டதாகத்தான் இருக்கும். திறந்த கடலில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒலி வேகமானியை இறக்கினால் போதும். முகத்துவாரத்தில் ஓதம் திரும்பும்போதெல்லாம், குறைந்தது மணிக்கு ஒருமுறை, பட்டையின் இரு முனையிலும் இறக்கவேண்டும்.

ஒற்றைக் கற்றைக்கு பார் செக் என்ற பழைய சோதனையை விடவே கூடாது. நீளாத சங்கிலியில் கட்டிய இரும்புத் தட்டை ஒலிமுனைக்கு நேர் கீழே 2 மீட்டர், 4 மீட்டர், 6 மீட்டர் என்று இறக்கி, கருவி என்ன சொல்கிறது என்று எழுதுவது. மூன்றிலும் ஒரே அளவு வித்தியாசம் வந்தால் ஒலிமுனை நீருக்குள் எவ்வளவு மூழ்கியிருக்கிறது என்ற எண் தவறு. ஆழம் கூடக்கூட வித்தியாசமும் கூடினால் ஒலி வேகம் தவறு. காலையில் தொடங்கும்போதும் மாலையில் முடிக்கும்போதும் செய்யவேண்டும், ஏனெனில் டீசல் தீர்ந்தாலும் ஆள் இறங்கினாலும் சின்னப் படகு சில சென்டிமீட்டர் மேலே எழும்பும்.

மல்டிபீமுக்குப் பேட்ச் டெஸ்ட், அதாவது கருவி பொருத்திய கோணத்தையும் நேரத்தையும் சரிபார்க்கும் ஓட்டம். ஒரே கோட்டை ஒரே திசையில் இரு வேகத்தில் ஓடினால் நேரத் தாமதம் தெரியும். சரிவான தரையில் ஒரே கோட்டை எதிரெதிர் திசையில் ஓடினால் முன்பின் சாய்வு, தட்டைத் தரையில் எதிரெதிர் ஓடினால் பக்கச் சாய்வு, ஒரு பாறைக்கு இருபுறமும் இணையாக ஓடினால் திசைப் பிசகு. பக்கச் சாய்வில் அரை டிகிரி தவறினால் 10 மீட்டர் ஆழத்தில் ஓரக் கற்றை 15 சென்டிமீட்டர் தவறும். கருவியைக் கழற்றி மாட்டினால் சோதனையை மறுபடி முதலிலிருந்து செய்யவேண்டும். சர்வதேச நீர்ப்பரப்பு வரைவியல் அமைப்பின் எஸ்-44 விதியின் சிறப்புத் தரம், 10 மீட்டர் ஆழத்தில் 26 சென்டிமீட்டர் வரையே மொத்தச் செங்குத்துப் பிழையை அனுமதிக்கிறது. மேலே சொன்ன பிழைகளில் இரண்டு சேர்ந்தாலே அந்த எல்லை தாண்டிவிடும்.

கூவம், எண்ணூர் போன்ற இடங்களில் தரை எது என்பதே கேள்வி. 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி இளஞ்சேற்றின் மேல்மட்டத்தில் பட்டுத் திரும்பிவிடும். 33 கிலோஹெர்ட்ஸ் அதை ஊடுருவி அடியிலுள்ள கெட்டித் தரையைத் தொடும். இரண்டையும் ஒரே நேரத்தில் பதிவுசெய்யும் கருவிகள் உண்டு, அதைத்தான் கேட்கவேண்டும். படகு போகுமா என்று பார்ப்பவருக்கு மேல்மட்டம் முக்கியம். வெள்ளக் கணக்குக்கு இரண்டும் தேவை. பெரிய நீரோட்டம் இளஞ்சேற்றை முதலில் அடித்துக்கொண்டு போய்விடும், ஆகவே வெள்ளத்தின் உச்சத்தில் ஆறு எவ்வளவு ஆழம் என்பதைக் கெட்டித் தரைதான் சொல்லும்.

இத்தனைக்கும் பிறகு ஓர் இடம் விட்டுப்போகிறது. அலை உடையும் பட்டையில் படகு போகமுடியாது, நுரையிலும் கலங்கலிலும் லேசர் போகாது. ஓதம் பத்து மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும் இங்கிலாந்தின் பிரிஸ்டல் கால்வாய் போன்ற இடங்களில் வற்றத்தில் லேசர், ஏற்றத்தில் படகு என்று ஒரே தரையை இருமுறை அளந்து சரிபார்த்துக்கொள்கிறார்கள். சென்னையில் அமாவாசை ஓதத்துக்கே வித்தியாசம் ஒரு மீட்டர்தான். இருபதுக்கு ஒன்று சரிவுள்ள கரையில் அது 20 மீட்டர் பட்டை, அலை கொஞ்சம் எழுந்தால் அதுவும் இல்லை. நம் கடற்கரையில் நிலமும் கடலும் தானாக ஒட்டாது, ஆள் இறங்கி ஒட்டவேண்டும். கடல் அமைதியாக இருக்கும் காலத்தில், அமாவாசை அல்லது பௌர்ணமி வற்றத்தில், இடுப்பளவு தண்ணீர் வரை ஜிபிஎஸ் கோலோடு நடந்து 10 மீட்டருக்கு ஒரு கோடு எடுக்கவேண்டும். அதே நாள் ஏற்றத்தில் படகு அதே கோடுகளில் எவ்வளவு கரைக்கு வரமுடியுமோ அவ்வளவு வரட்டும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் வித்தியாசத்தைப் பார்த்தால் டேட்டம் பிழை இருந்தால் அங்கேயே பிடிபடும். 65 சென்டிமீட்டரை ஒட்டி வந்தால் காரணம் தேட வேண்டியதே இல்லை.

ஓதத்தையும் துறைமுகத்தின் பதிவிலிருந்து எடுத்து ஆற்றுக்குள் பயன்படுத்தக்கூடாது. மணல் திட்டுக்கு உள்ளே ஏற்றம் தாமதமாகவும் குறைவாகவும் வரும், வாய் அடைத்திருந்தால் வரவே வராது. பாலத் தூணில் அளவுக்கோல் ஒன்றை நிறுத்தி, 10 நிமிடத்துக்கு ஒருமுறை குறைந்தது 25 மணி நேரம் எழுதவேண்டும். முடிந்தால் ஒரு மாதம், அமாவாசையும் பௌர்ணமியும் அதில் வந்துவிடும். அந்தக் கோலின் பூஜ்யத்தை அருகிலுள்ள பெஞ்ச் மார்க்கிலிருந்து ஆட்டோ லெவலால் போய் வந்து சேர்க்கவேண்டும். நான்கு கிலோமீட்டருக்குப் பிழை 24 மில்லிமீட்டருக்குள் அடங்கவேண்டும். அதே பெஞ்ச் மார்க்கில் ஜிபிஎஸ் கருவியை இரு வேறு நாட்களில் நான்கு நான்கு மணி நேரம் நிறுத்தி, நில அளவைத் துறையின் நிரந்தர ஜிபிஎஸ் நிலையங்களோடு கணக்கிட்டால், மூன்று பூஜ்யமும் ஒரே கல்லில் சந்திக்கும். ஒரு முகத்துவாரத்துக்கு இப்படி இரண்டு கல், ஒன்று உடைந்தால் மற்றது. 1802-ல் லாம்ப்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து இந்தியத் துணைக்கண்டத்தின் பெரும் அளவையைத் தொடங்கிய ஊர் இது. கோவளம் முதல் எண்ணூர் வரை நான்கு முகத்துவாரத்துக்கு எட்டுக் கல் நடுவது நமக்குப் பெரிய காரியமில்லை.

2022-ம் ஆண்டின் தேசியப் புவிசார் கொள்கை, நகரங்களையும் கிராமங்களையும் 5 முதல் 10 சென்டிமீட்டர் நுணுக்கத்தில் அளக்க 2030 என்றும், உள்நாட்டு நீர்நிலைகள், கடல்களின் நீரடி அளவைக்கு 2035 என்றும் இலக்கு வைத்திருக்கிறது. நிலம் முதலில், தண்ணீர் ஐந்து ஆண்டு கழித்து. கடலோர நகரங்களுக்கு இந்த இடைவெளி ஒத்துவராது. தமிழக அரசும் மாநகராட்சியும் முகத்துவாரத்திலிருந்து ஆற்றுக்குள் ஐந்து கிலோமீட்டர், கடலுக்குள் பத்து மீட்டர் ஆழம் வரை உள்ள பகுதியை ஒரே ஒப்பந்தமாக, ஒரே டேட்டத்தில், ஒரே குழுவிடம் கொடுக்கவேண்டும் என்று கேட்கிறோம். கோவளம், அடையாறு, கூவம், எண்ணூர் நான்குக்கும்.

எப்போது அளப்பது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும். நம் கரையில் மணல் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வடக்கு நோக்கி நகர்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தின் அலைகள் வாயின் குறுக்கே திட்டை வளர்க்கின்றன, வடகிழக்குப் பருவ வெள்ளம் அதை உடைக்கிறது. ஜனவரியில் அளந்தால் ஆறு திறந்திருக்கும். அந்த அளவை அடுத்த அக்டோபர் மழைக்குப் பயன்படுத்தினால், இல்லாத வாய்க்கு வெள்ளத்தை அனுப்புகிறோம். முழு அளவை ஆண்டுக்கு ஒன்று போதும், செப்டம்பரில். முகத்துவாரத்தின் மணல் திட்டை மட்டும் ஜூலை முதல் டிசம்பர் வரை மாதம் ஒருமுறை, அதே குறுக்குக்கோடுகளில், நடந்தும் சின்னப் படகிலும் அளக்கவேண்டும். இரண்டு பேரும் ஒரு படகும் இருந்தால் ஒரு வாய்க்கு ஒரு நாள் வேலை.

ஒப்படைக்கும்போது வண்ணப் படம் மட்டும் வாங்கி வைக்காமல், வகைப்படுத்திய லைடார் கோப்பு, பறந்த பாதை, திருத்தாத ஒலிப் பதிவு, ஒலி வேக அட்டவணை, பார் செக் தாள், பேட்ச் டெஸ்ட் முடிவு, ஓதப் பதிவு, பெஞ்ச் மார்க் விவரம் எல்லாம் கேட்டு வாங்கவேண்டும். இவை இருந்தால் பிழை தெரியவரும்போது மறுபடி பறக்காமல், மறுபடி படகு எடுக்காமல் திருத்திவிடலாம். பொதுப்பணத்தில் எடுத்த புவிசார் தரவுகளை, பாதுகாப்புத் துறைகள் இரகசியம் என்று ஒதுக்கியவை நீங்கலாக, இந்தியர் எல்லாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு 2021 பிப்ரவரி 15 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. சென்னையின் கல்லூரிகளிலும் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்திலும் இவற்றைச் சரிபார்க்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். மணல் அள்ளுவதற்கு முன் எடுத்த அளவும் அள்ளிய பின் எடுத்த அளவும் எந்த டேட்டத்தில் என்ற குறிப்போடு மாநகராட்சி இணையதளத்தில் ஒரு வாரத்துக்குள் வெளிவந்தால், அவர்களும் பார்ப்பார்கள், நாங்களும் பார்ப்போம், பட்டினப்பாக்கம் மீனவர்களும் தங்கள் ஈயக்குண்டை இறக்கிப் பார்த்துச் சொல்வார்கள்.

இப்படிக்கு,
நில அளவை, நீரடி அளவைப் பணியாளர்கள் சிலர்,
சென்னை.